முக்கிளை நரம்புவலி அறுவை மருத்துவ வரலாறு: காயத்தின் அளவும் நரம்பின் சேதமும்

ஆய்வுச்சுருக்கம்
முகத்தில் மின்னதிர்ச்சி போலத் தாக்கும் முக்கிளை நரம்புவலிக்கான அறுவை முறைகளைப் பெருங்காயத்திலிருந்து சிறுகாயத்தை நோக்கிய வளர்ச்சியாகக் காண்பது எளிது. வெளிக்காயத்தின் அளவும் நரம்பிற்கு நேரும் சேதமும் வெவ்வேறானவை என்பதை இவ்வரலாற்றின்வழி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: முக்கிளை நரம்புவலி, ஊசிவழிச் சிகிச்சை, நரம்பழுத்த நீக்கம், மருத்துவ வரலாறு.

முன்னுரை
பல் துலக்குதல், உணவை மெல்லுதல், முகத்தில் காற்றுப்படுதல் ஆகிய சிறு தூண்டல்களே இவ்வலியை எழுப்பப் போதுமானவை. பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரே 1756இல் இதற்குத் தனிப்பெயர் இட்டார். உணர்வூட்டும் ஐந்தாம் மண்டை நரம்பும் முகத்தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பும் தெளிவாக வேறுபடுத்தப்படாத காலத்தில், சிலர் ஏழாம் நரம்பையே வெட்டினர். வலி நீங்கவில்லை, முகம் செயலிழந்தது. 1820களில் சார்லஸ் பெல்லின் ஆய்வுகள் இவ்விரண்டின் பணிகளைப் பிரித்தறியத் துணைபுரிந்தன.

வெட்டுதலும் உணர்விழப்பும்
1890களில் ஹார்ட்லி, கிராவுசே ஆகியோர் மண்டையோட்டைத் திறந்து ஐந்தாம் நரம்பின் முடிச்சை அணுகினர். 1901இல் ஸ்பில்லரின் கருத்தையேற்று, ஃபிரேசர் முடிச்சிற்குப் பின்னுள்ள உணர்வு வேரைத் துண்டித்தார். வலி நின்றது, முகம் மரத்தது.

ஊசிவழி முறைகள்
1910களில் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஹெர்டெல், கன்னத்தின் வழியாக ஊசியைச் செலுத்தி மண்டையோட்டின் அடியிலுள்ள நீள்வட்டத் துளையை அடையும் பாதையை வகுத்தார். பிற்கால முறைகள் பலவும் இப்பாதையைச் சார்ந்தவையே. ஸ்வீட், வெப்சிக் (1974) ரேடியோ அலை வெப்பத்தையும், முல்லன், லிக்டர் (1983) சிறு பலூனின் அழுத்தத்தையும் கையாண்டனர். ஸ்வீடனின் ஹோகன்சன் 1981இல் வெளியிட்ட கிளிசரால் முறை தற்செயலானது. கதிர் அறுவைக்கு இடங்குறிக்க டாண்டலம் துகளைக் கிளிசராலில் கலந்து செலுத்தியபோது, கதிர்வீச்சிற்கு முன்னரே வலி தணிந்தது.

இம்முறைகளில் தோலில் எஞ்சுவது ஊசித்தடம் மட்டுமே. ஆயினும் இவை நரம்பிற்குத் திட்டமிட்டு ஊறு செய்தே வலியை நிறுத்துகின்றன. முகம் மரத்தல், கருவிழி உணர்விழத்தல், அரிதாக மரத்த பகுதியிலேயே தீராவலி தோன்றுதல் ஆகியன இதற்கான விலையாகும்.

நரம்பைக் காக்கும் முறை
வால்டர் டாண்டி 1934இல் தம் 215 நோயாளிகளுள் 66 பேரிடம் மேற்சிறுமூளைத் தமனி நரம்பை அழுத்தியதைக் குறிப்பிட்டார். 1960களில் பீட்டர் ஜனெட்டா அறுவை நுண்ணோக்கியின் உதவியால் இவ்வழுத்தத்தைக் கண்டு, நரம்பை வெட்டாமல் குழாயை விலக்கி இடையே பஞ்சு போன்ற பொருளை வைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அவர் குழுவினரின் 1996ஆம் ஆண்டு ஆய்வு 1185 நோயாளிகளைத் தொடர்ந்தது. பத்தாண்டுகளுக்குப் பின்னும் 70 விழுக்காட்டினர் மிகச்சிறந்த பலன் பெற்றிருந்தனர். எனினும் காதுக்குப் பின் மண்டையோட்டைத் திறக்கும் இம்முறையில் செவித்திறன் இழப்பு, பக்கவாதம், அரிதாக மரணம் ஆகிய இடர்கள் உண்டு. எனவே முதியோர்க்கும் உடல்நலிவுற்றோர்க்கும் ஊசிவழியே பெரும்பாலும் ஏற்றதாகிறது.

முடிவுரை
‘நுண்துளை அறுவை’ என்னும் தமிழ்ச்சொல் துளையின் அளவை மட்டுமே சுட்டுகிறது. ஆனால் இந்நோயில் மிகச்சிறு துளையிடும் ஊசி நரம்பைச் சிதைக்கிறது; மண்டையோட்டைத் திறக்கும் அறுவை நரம்பைக் காக்கிறது. ஆகவே, காயம் எவ்வளவு சிறியது என்பதோடு, எதைக் காத்து எதை இழக்கிறோம் என்பதும் நோயாளியிடம் தாய்மொழியில் விளக்கப்பட வேண்டும். வலியின்மைக்கு ஈடாக மரத்த முகத்தை ஏற்பதா என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் அவரே.