சாவிக்குள் ஒரு காவல்காரன்: கார் திருட்டுத் தடுப்பின் வரலாறு

ஒரு காரைத் திருட எவ்வளவு நேரம் ஆகும்? கார் திருட்டைத் தடுக்க இதுவரை வந்த கருவிகள் எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. எந்தக் கருவியும் திருட்டை முடியவே முடியாததாக ஆக்கிவிடுவதில்லை. பத்து வினாடியில் முடிகிற வேலையைப் பத்து நிமிட வேலையாக மாற்றும், அவ்வளவுதான். தெருவில் அடுத்தவன் காருக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க எந்தத் திருடனும் துணியமாட்டான் என்பது கணக்கு. அந்தக் கணக்கு எப்படி வளர்ந்தது, எங்கே தப்பியது, கருவி பழுதானபோது காரின் சொந்தக்காரர் என்ன பாடுபட்டார் என்பதையெல்லாம் கொஞ்சம் பார்ப்போம்.

ஆரம்ப காலக் கார்களில் சாவி பெரிய விஷயமே இல்லை. முன்பக்கம் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும், எஞ்சின் ஓடும். (சுழற்றுவதற்குத் தெம்பு வேண்டும் என்பதையே ஒரு பாதுகாப்பாகக் கொள்ளலாம் :-) ) சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912இன் கேடிலாக் கார்களில் வந்தபிறகு அந்தத் தெம்பும் தேவைப்படவில்லை. கார் பெருகியது, கார் திருட்டும் பெருகியது. திருடிய காரை மாநில எல்லை தாண்டி ஓட்டிப்போவதைக் கூட்டாட்சிக் குற்றமாக்கி 1919லேயே அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. அதற்கு டயர் சட்டம் என்று பெயர். சக்கரத்து டயர் அல்ல, மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரின் பெயர் அது!

இன்று நாம் பழகியிருக்கிற, சாவியைத் திருகினால் எஞ்சின் ஓடும் முறையை கிரைஸ்லர் நிறுவனம் 1949இல் கொண்டுவந்தது. ஆனால் அந்தச் சாவி செய்ததெல்லாம் உள்ளே இருந்த மின்கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்ததுதான். சாவி இல்லாதவன் கம்பிகளை வெளியே இழுத்து நேராக முறுக்கிவிட்டால் அதே வேலை நடந்துவிடும். பழைய ஆங்கிலப் படங்களில் கதாநாயகன் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து செய்வது இதைத்தான்.

இதற்கு வந்த முதல் உருப்படியான பதில் ஸ்டீயரிங் பூட்டு. நம்மூர் பைக்கில் ஹேண்டில் லாக் போடுகிறோமே, அதே தத்துவம். சாவியை எடுத்ததும் ஓர் இரும்பு முளை ஸ்டீயரிங் தண்டில் போய் விழும். எஞ்சினை எப்படியோ ஓடவிட்டாலும் வண்டியைத் திருப்ப முடியாது.

இந்தப் பூட்டை இரண்டு நாடுகள் இரண்டு விதமாகக் கொண்டுவந்தன. மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில், புதிய கார் பழைய கார் என்ற வேறுபாடில்லாமல், எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கியது. கார் திருட்டு சட்டென்று விழுந்தது. பிரிட்டனில் 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் வந்தது. அங்கே என்ன நடந்தது என்பதை பிரிட்டிஷ் உள்துறையின் ஆய்வாளர்கள் 1976இல் எழுதினார்கள். லண்டனில் திருடுபோன கார்களில் 1969இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புதியவை. 1973இல் அது இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் மொத்தத் திருட்டு குறைந்தபாடில்லை. திருடர்கள் புதிய காரை விட்டுவிட்டு, பூட்டு இல்லாத பழைய காரைத் தேடிப் போய்விட்டார்கள். புதுக் கார் வாங்க வசதி உள்ளவரின் தொல்லை, வசதி இல்லாதவரின் தலையில் இறங்கியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1969 மாடல்களில் இதைப் பொருத்தியது. 1970 முதல் அரசு விதியும் வந்தது. காலப்போக்கில் திருடர்கள் இந்தப் பூட்டையும் உடைக்கக் கற்றுக்கொண்டார்கள். 1980களில் அந்த நிறுவனத்தின் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட் திருடர்களின் செல்லப் பிள்ளையாக இருந்தது. அதற்காகத்தான் 1986 கார்வெட்டில் 'வாட்ஸ்' என்ற அமைப்பு வந்தது ('வெஹிக்கிள் ஆன்ட்டி தெஃப்ட் சிஸ்டம்' என்பதன் சுருக்கம், மின்சார வாட்ஸோடு சம்பந்தமில்லை). எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த கருவி இதுதான். மின்னியல் ஆய்வகத்தில் ஒரு நாள் உட்கார்ந்தவருக்குக்கூடப் புரிந்துவிடும், அவ்வளவு எளிமை.

சாவியின் தகட்டில் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு பதித்திருக்கும். அதற்குள் இருப்பது ஒரு சாதாரண ரெசிஸ்டர், அதாவது மின்தடை. மொத்தம் பதினைந்து விதமான மதிப்புகள். சுமார் 400 ஓமிலிருந்து 12,000 ஓமுக்குச் சற்றுக் கீழே வரை. சாவியை நுழைத்துத் திருகும்போது பூட்டுக்குள் உள்ள இரண்டு தொடுமுனைகள் பொட்டின் இரண்டு பக்கத்தையும் தொடும். அங்கிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் ஸ்டீயரிங் தண்டின் வழியாகக் கீழிறங்கி ஒரு மின்னணுப் பெட்டிக்குப் போகும். பெட்டி அந்தத் தடையை அளந்து பார்க்கும். தன்னிடம் உள்ள மதிப்போடு பொருந்தினால் ஸ்டார்ட்டருக்கு வழிவிட்டு, எஞ்சின் கணினிக்கும் "எரிபொருள் கொடுக்கலாம்" என்று சைகை காட்டும். பொருந்தாவிட்டால் இரண்டும் கிடையாது.

"பதினைந்தே மதிப்புகள்தானே, பதினைந்து சாவியையும் போட்டுப் பார்த்துவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் கடிகாரம் வருகிறது. ஒருமுறை தவறான தடையைக் கண்டால் பெட்டி இரண்டு முதல் நான்கு நிமிடம் வரை எதற்கும் பதில் சொல்லாது. அதற்குள் சரியான சாவியைப் போட்டாலும் பயனில்லை. பதினைந்தையும் முயன்று பார்க்க, துரதிர்ஷ்டம் இருந்தால், ஏறக்குறைய ஒரு மணி நேரம்!

சரி, இது பழுதானால்? பொட்டின் மேல் அழுக்குப் படிந்தாலே தடையின் அளவு மாறித் தெரியும். பெட்டி தன் முதலாளியையே திருடன் என்று முடிவுகட்டிவிடும். துணியால் துடைத்துவிட்டு நான்கு நிமிடம் காத்திருந்தால் சில சமயம் தீர்ந்துவிடும். தேய்ந்த சாவி என்றால் மல்டிமீட்டரால் தடையை அளந்து அதே மதிப்பில் புதிய சாவி வெட்ட வேண்டும். உண்மையான தலைவலி அந்த இரண்டு மெல்லிய கம்பிகள். சாவியைத் திருகும்போதெல்லாம் அவையும் சேர்ந்து வளைகின்றன. சில வருடங்களில் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். முறிந்த கம்பி ஒரு நாள் தொடும், ஒரு நாள் தொடாது. காலையில் ஓடிய கார் மாலையில் அசையாது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடும்! இப்படிப்பட்ட கோளாறு எந்த மெக்கானிக்கையும் அழவைக்கும். ஒழுங்காகச் சரிசெய்ய ஸ்டீயரிங்கைக் கழற்றி, கம்பியோடு சேர்ந்த பூட்டுப் பகுதியையே மாற்ற வேண்டும். செலவு அதிகம். ஆகவே பலர் குறுக்குவழியில் போனார்கள். தங்கள் சாவியின் மதிப்புக்குச் சமமான ஒரு ரெசிஸ்டரைக் கடையில் வாங்கி, பெட்டிக்குப் போகும் கம்பிகளோடு நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டார்கள். பெட்டிக்கு இனி எப்போதும் சரியான சாவி இருப்பதாகவே தெரியும். பழுது தீர்ந்தது, கூடவே பாதுகாப்பும் போயிற்று.

இந்தத் தொல்லைக்காகத்தானோ என்னவோ, 1990களின் நடுவில் அதே நிறுவனத்தின் மலிவுக் கார்களில் வந்த 'பாஸ்லாக்' அமைப்பில் ரெசிஸ்டரைச் சாவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாதாரண சாவி போதும். சரியான சாவிதான் பூட்டைத் திருப்பியதா என்று பூட்டுக்குள் இருக்கும் காந்த உணர்வி பார்த்துக்கொள்ளும். அது குழம்பிப்போனால் காருக்கு மறுபடியும் பாடம் சொல்லித்தர வேண்டும். சாவியைத் திருகிவிட்டு, எச்சரிக்கை விளக்கு அணையும்வரை பத்து நிமிடம் காத்திரு, அணைத்துவிட்டு மறுபடி செய், மறுபடியும் செய். மொத்தம் அரை மணி நேரம். கருவி எதுவும் வேண்டாம், பொறுமை போதும். சொந்தக்காரருக்கு அரை மணி நேரம் எரிச்சல், திருடனுக்கு அரை மணி நேரம் ஆபத்து என்ற யோசனை அது. கடை வாசலில் காருக்குள் விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அமெரிக்கர்கள் இதை எவ்வளவு ரசித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்!

இதே காலத்தில் ஐரோப்பா வேறு வழியில் போனது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி மணியைவிடச் சற்றே பெரிய கண்ணாடிக் குப்பி. அதற்குள் ஒரு சிப். பேட்டரி கிடையாது. பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள்தான் அதற்கு மின்சாரம் ஊட்டும். கார் ஓர் எண்ணை அனுப்பும். சிப் தன் ரகசியத்தைக்கொண்டு கணக்குப்போட்டு பதில் அனுப்பும். பதில் தப்பு என்றால் எஞ்சின் ஓடாது. இதைத்தான் இம்மொபிலைசர் என்கிறோம். 1998 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. நெதர்லாந்தில் 1995 முதல் 2008 வரையிலான கணக்கை ஆராய்ந்த இரண்டு பொருளாதார வல்லுநர்கள், இதனால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். பழைய கார்கள் பக்கம் திருடர்கள் திரும்பியதையும் கழித்த பிறகு வந்த எண் இது.

ரிப்பேர் செய்பவருக்கு இது புதிய உலகம். மல்டிமீட்டர் உதவாது. பழைய இரும்புக்கடையில் எஞ்சின் கணினி ஒன்றை வாங்கி மாட்டினால் அது உங்கள் சாவியைத் தெரியாது என்று சொல்லிவிடும். எல்லாச் சாவியும் தொலைந்தால் நிறுவனத்திடம்தான் போய் நிற்க வேண்டும். சாவியை உருவாக்கும் தகவலை எல்லா மெக்கானிக்குக்கும் கொடுத்தால் திருடனுக்கும் போய்ச் சேரும். கொடுக்காவிட்டால் தெருமுனைக் கடைக்காரர் பிழைக்க முடியாது. பூட்டைத் திறக்கும் அறிவில் நல்ல அறிவு, கெட்ட அறிவு என்று இரண்டு கிடையாதே. அமெரிக்காவில் இதற்கு ஒரு நடுவழி கண்டார்கள். பின்னணி சரிபார்க்கப்பட்ட பூட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிப் பதிவு; யார், எந்தக் காருக்கு, எப்போது தகவல் எடுத்தார் என்பதும் பதிவாகும். இது எனக்கு நியாயமாகவே படுகிறது.

மறைத்து வைப்பதையே பாதுகாப்பாக நம்பியவர்களின் கதை வேறு. 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினரும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகத்தினரும் ஒரு பிரபல சாவிச் சிப்பின் 40 பிட் ரகசியத்தை உடைத்துக் காட்டினார்கள். 2012இல் வேறொரு சிப்பை உடைத்த ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைக்கு '360 வினாடிகளில் காணோம்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். மறுபடியும் நிமிடக் கணக்குதான்! மூன்றாவது சிப் பற்றிய ஆய்வை 2013இல் ஃபோக்ஸ்வாகன் லண்டன் உயர் நீதிமன்றம் போய்த் தடுத்தது. அது 2015இல்தான் வெளிவந்தது. அந்த இரண்டு வருடமும் அந்தச் சிப் உள்ள கார்கள் தெருவில்தான் நின்றுகொண்டிருந்தன.

ஆனால் மிகப் பெரிய அடி உடைந்த சிப்பால் வரவில்லை, வைக்காத சிப்பால் வந்தது. கனடா 2007 செப்டம்பர் முதல் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை, நிறுவனங்கள் தாமாகவே வைக்கட்டும் என்று விட்டுவிட்டது. பெரும்பாலானவை வைத்தன. 2015 மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்தில் இது இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில் மட்டுமே. 2021இல் மில்வாக்கி நகரில் திருடுபோன வண்டிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்த இரண்டு பெயர்கள்தான். அடுத்த வருடம் அந்த வித்தை டிக்டாக்கில் பரவியது. திருடியவர்களில் பலர் பள்ளி வயதுப் பையன்கள். 2023 பிப்ரவரிக்குள் குறைந்தது 14 விபத்துகளும் 8 சாவுகளும் இதனோடு தொடர்புபட்டிருந்ததாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை சொன்னது. எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குப் போனால், அதே நிறுவனங்கள் விற்ற கார்களில் சட்டப்படி அந்தச் சிப் இருந்தது.

சுமார் 83 லட்சம் கார்களுக்கு நிறுவனங்கள் இலவச மென்பொருள் கொடுத்தன. சிப் இல்லாத காருக்குப் புதிதாகச் சிப் வைக்க முடியாதாகையால், இருக்கிற அலாரத்தையே திருத்தி, சாவி உள்ளே இல்லாமல் இக்னிஷன் இயங்காதபடி செய்தார்கள். மென்பொருள் ஏற்றிய கார்களில் திருட்டு பாதிக்கு மேல் குறைந்ததாக அங்குள்ள காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2024இல் சொன்னது. ஆனால் கண்ணாடி உடைவது நிற்கவில்லை. மென்பொருள் ஏற்றிய கார் எது என்று வெளியிலிருந்து பார்க்கும் திருடனுக்குத் தெரியாதே! அதனால் ஜன்னலில் ஒட்ட ஸ்டிக்கரும் கொடுத்தார்கள். மென்பொருள் ஏற்ற முடியாத கார்களுக்குக் கொடுத்தது, ஸ்டீயரிங்கின் குறுக்கே மாட்டிப் பூட்டும் ஓர் இரும்புக் கம்பி.