கெயார்ன் லங்கா

கெயார்ன் லங்கா, மன்னார்ப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் தேடிய தனியார் கம்பனி. இலங்கைக் கடலடியில் இயற்கை எரிவாயு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இதன் கிணற்றில்தான். கெயார்ன் இந்தியா நிறுவனத்துக்கு முழுதும் உரிய துணை நிறுவனமாக இது இருந்தது. தாய் நிறுவனம் 2011 இறுதியில் வேதாந்தா குழுமத்தின் வசமானது.

நாட்டின் எண்ணெய்த் தேடல் இதற்கும் பழையது. 1970களில் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் கிணறுகள் தோண்டப்பட்டன. 1976இல் மரதன் நிறுவனமும் 1981இல் சிற்றீஸ் சேர்விஸ் நிறுவனமும் கடலில் துளையிட்டன. வணிக அளவில் எதுவும் கிட்டவில்லை. 2003ஆம் ஆண்டின் பெற்றோலிய வளங்கள் சட்டம் வந்த பிறகே கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. 2008 ஜூலையில் கெயார்ன், அரசுடன் உடன்படிக்கை செய்து, சுமார் 3,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தொகுதியைப் பெற்றது.

கம்பனி முதலில் நில அதிர்வு ஆய்வை முடித்தது. கப்பலிலிருந்து கடலடிக்கு ஒலியலைகளை அனுப்பி, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு அடிநிலத்தை வரையும் முறை இது. துளையிடும் வேலை 2011 ஓகஸ்ட்டில் தொடங்கியது. அதற்காக வந்தது ஜப்பானின் ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பல் சிக்யு. ஜப்பானிய மொழியில் அதன் பொருள் 'பூமி'. ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்பது எளிதல்ல. உந்துபொறிகள் ஓயாமல் சுழன்று கப்பலைக் கிணற்றின் நேர்மேலே நிறுத்தி வைக்கின்றன. அதே ஆண்டு மார்ச்சில் ஹச்சினோஹே துறைமுகத்தில் சுனாமியில் சிக்கி, அவற்றில் ஒன்றை இக்கப்பல் இழந்திருந்தது.

கிணறுகளுக்கு மீன் பெயர்களே சூட்டப்பட்டன. முதலாவது டொராடோ: 1,354 மீற்றர் நீருக்கடியில், 3,044 முதல் 3,069 மீற்றர் வரையான ஆழத்தில், 25 மீற்றர் தடிப்பில் எரிவாயு இருப்பது 2011 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அடுத்தது பரகுடா, அதாவது நம் வலைகளில் விழும் சீலா மீன். அங்கும் எரிவாயு கிடைத்தது. டொராடோ வடக்குக் கிணறு வெறுமையாயிற்று. 2013இல் தோண்டிய, வாளை மீனின் பெயர் தாங்கிய வலாகோவும் அவ்வாறே கைவிடப்பட்டது.

இருப்பின் அளவு பற்றிய மதிப்பீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 2015இல் கம்பனி விலகியது. வணிக ரீதியில் இலாபம் தராது என்பதே கூறப்பட்ட காரணம். 2014இன் நடுப்பகுதியிலிருந்து உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததும் முடிவைப் பாதித்திருக்கலாம்.

கெயார்ன் விலகிய பின், 2016இல் பிரான்சின் டோட்டல் நிறுவனம், கிழக்குக் கரைக்கு அப்பால் ஜே.எஸ்.5, ஜே.எஸ்.6 ஆகிய தொகுதிகளை ஆராய உடன்படிக்கை செய்தது. 2021இல் புதிய பெற்றோலிய வளங்கள் சட்டம் நிறைவேறியது.