கடலூர்ப் பெருசுகளும் டிசம்பர் மாசமும்

கடலூர்க்காரங்ககிட்ட டிசம்பர்னா என்னன்னு கேட்டுப் பாருங்க. நமக்கு மார்கழி, கச்சேரி, வருஷக் கடைசி லீவு. அவங்களுக்கு அது வேற பட்டியல்.

2004 டிசம்பர் 26, சுனாமி. தேவனாம்பட்டினம் தொடங்கி சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளை வரைக்கும் மீனவ கிராமங்களை அடிச்சுப் போட்டுச்சு. மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சுது. 2015 நவம்பர்ல நெய்வேலியில ஒரே நாள்ல சுமார் 48 செ.மீ. மழை. 2024 டிசம்பர் ஆரம்பத்துல சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை தண்ணி கடலூருக்குள்ள வந்துச்சு.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. இன்னைக்கு 90 வயசுல இருக்கறவங்களுக்கு சுனாமி வந்தப்பவே 70-ஐ ஒட்டின வயசு. மீதி மூணும் அதுக்கப்புறம் வந்தது. ஓட முடியாத வயசுல இத்தனையும்!

அவங்ககிட்ட "பயமா இருக்கா?"ன்னு கேட்டா "எனக்கென்னப்பா பயம்"னுதான் பதில் வரும். ஆனா உடம்பு வேற சொல்லும். நெஞ்சு படபடங்குது, வயித்தைப் பிசையுது, ராத்திரி தூக்கமில்லை. பேரன் வந்துட்டானான்னு பத்து தடவை கேப்பாங்க. விழுந்துடுவோம்னு பாத்ரூம் போகவே தயங்குவாங்க. நாம என்ன சொல்றோம்? "வயசாயிடுச்சு, அப்படித்தான்." (நானும் நீங்களும் சேர்த்துத்தான்.)

மருத்துவத்துக்கும் இது லேட்டாத்தான் உறைச்சுது. பேரழிவுக்குப் பிறகு தங்கிப் போற பயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்களோட நோய்ப் பட்டியல்ல தனிப் பெயர் கொடுத்ததே 1980-லதான். சென்னை அரசு பொது மருத்துவமனையில டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்குன்னு தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினது 1978-ல. முதியவர்களோட பதற்றத்தை அளக்கன்னே 20 கேள்வி கொண்ட ஒரு அளவுகோல் 2007-ல வந்துச்சு. அதுல உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகளை வேணும்னே குறைச்சிருக்காங்க. ஏன்னா மூட்டுவலியும் இதயக் கோளாறும் இருக்கறவங்ககிட்ட படபடப்பை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

அதனால மொதல்ல இதயம், தைராய்டு, சாப்பிடற மாத்திரை எல்லாம் டாக்டர் பாக்கட்டும். ஆனா "ஈசிஜி நார்மல்"னு வந்ததும் கிளம்பி வந்துடாதீங்க. மனநல மருத்துவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க. 1985-ல சிதம்பரம் அண்ணாமலை நகர்ல தொடங்கின ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்ப அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. அவ்வளவு தூரம் போனா போதும். மெடிக்கல் ஷாப்ல தூக்க மாத்திரை மட்டும் நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க. இந்த வயசுல அதனாலயே கீழ விழுந்து இடுப்பு எலும்பு உடையலாம், ஞாபகமும் குழம்பும்.

இன்னொண்ணு. புயல் எச்சரிக்கை வர்ற நாள்ல டிவியை நாள் முழுக்க அலற விடாம, அவங்க பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காருங்க. 2004-ல என்ன நடந்துச்சுன்னு அவங்களாச் சொன்னா, "அதையே எத்தனை தடவை சொல்லுவே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க மக்களே.