தாழ்மை யாருடைய கடமை? 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சைத் திருச்சபையில் தொண்டும் சாதியும்

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். அன்றைய சமூகத்தில் அது அடிமைக்கு ஒதுக்கப்பட்ட வேலை. பிலிப்பியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரம் கிறிஸ்துவின் வாழ்வு முழுவதையும் இதே செயலாகக் காண்கிறது. இரண்டு இடங்களிலும் தாழ்ந்து பணிபவர் மேலே இருப்பவர்தான். ஆண்டானின் காலை அடிமை கழுவியிருந்தால் அதில் நற்செய்தி எதுவும் இல்லை. அது நாள்தோறும் நடந்த வழக்கம். ஆகவே, தன்னலம் துறந்த தொண்டு என்ற கிறிஸ்தவக் கட்டளை முதலில் உயர்ந்த இடத்தில் இருப்பவரையே நோக்கியது. பண்ணையாட்களின் உழைப்பில் நெல் விளைந்த காவிரிப் படுகையில் இக்கட்டளை எப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது, எங்கே திரிக்கப்பட்டது என்பதை இருவர் வாழ்வின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது.

சுவார்ட்ஸ்: துறவு ஈட்டிய நம்பிக்கை

ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின் 1778இல் தஞ்சையில் குடியேறினார். மணம் செய்துகொள்ளாமல், எளிய உணவும் சிறு அறையும் போதும் என்று வாழ்ந்தார். ஆங்கிலேயப் படையினருக்குக் குருவாக இருந்ததற்குக் கிடைத்த ஊதியத்தில் பெரும்பகுதியைச் சபைக்கும் பள்ளிக்கும் செலவிட்டார். 1779இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றபோது மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலி வழிச்செலவுக்குக் கொடுத்த பணத்தையும் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அது ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போயிற்று.

இத்துறவின் சமூகப் பயன் 1781இல் வெளிப்பட்டது. ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சை நாடு பாழாகி, கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது; அதை ஏற்றிவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பு குடியானவர்கள் கொண்டுவந்த நெல்லுக்கு உரிய விலை அவர்கள் கைக்குச் சேரவில்லை என்பதே காரணம். அரண்மனையின் வாக்கையும் கம்பெனியின் வாக்கையும் நம்ப ஆளில்லாத நிலையில், சுவார்ட்ஸின் வாக்கையாவது குடிகள் நம்புகிறார்களா பார்ப்போம் என்று மன்னர் துளஜாஜியே முன்வந்தார். விலைக்குத் தாமே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொல்லியனுப்பினார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கொண்டுவந்தவர் ஒவ்வொருவருக்கும் அவர் தம் கையாலேயே பணம் கொடுத்தார்.

இந்நிகழ்வைத் தனிமனிதரின் நற்குணத்துக்குச் சான்றாக மட்டும் கொள்வது போதாது. ஆட்சி தன் வாக்கை இழந்தபோது, தனக்கென எதுவும் சேர்க்காதவரின் வாக்கு அந்த வெற்றிடத்தை நிரப்பியது. அரசர் அவையிலும் கம்பெனியிலும் செல்வாக்குள்ள ஒருவர் அதைத் தமக்காகப் பயன்படுத்த மறுத்தார். அதனால் பட்டினி கிடந்தவர்கள் உண்டார்கள். அவர் 1798இல் மறைந்தார். பின்னர் மன்னர் இரண்டாம் சரபோஜி லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு வடிக்கச் செய்த பளிங்குச் சிற்பம் இன்றும் சிவகங்கைத் தோட்டத்தையொட்டிய ஆலயத்தில் இருக்கிறது.

இராஜநாயக்கன்: மறுக்கப்பட்ட குருத்துவம்

சுவார்ட்ஸுக்கு முன்பே தஞ்சை நாட்டில் சபைகளைக் கட்டியவர் உபதேசியார் இராஜநாயக்கன். 1700இல் பறையர் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர் தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்தார். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்தி நூலைப் படித்து லுத்தரன் சபையை நாடினார். இதனால் எழுந்த பகையில் 1731இல் அவருடைய தந்தை கொல்லப்பட்டார். ஆயினும் 1771இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஊர் ஊராக நடந்து ஊழியம் செய்தார்.

1733இல் ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் குருவானார். 1741இல் இரண்டாவது குருவைத் தேர்ந்தபோது இராஜநாயக்கனின் தகுதியைத் தரங்கம்பாடி மிஷனரிகள் அறிந்தே இருந்தனர். ஆனால் பறையர் ஒருவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் இசையமாட்டார்கள் என்று அஞ்சினர். அபிஷேகம் தியாகு என்பவருக்குக் கிடைத்தது. இராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்து மறைந்தார்.

அவர் அந்நிலையிலும் ஊழியத்தைக் கைவிடாததைத் தாழ்மையின் உச்சம் என்று போற்றலாமே என்று கேட்கலாம். அவருடைய உறுதி போற்றத்தக்கது, ஐயமில்லை. ஆனால் அந்தப் புகழைக் காட்டி மறுத்தவர்களின் தவற்றை மூடிவிட முடியாது. சுவார்ட்ஸின் தாழ்மை அவரே தேர்ந்துகொண்டது. இராஜநாயக்கனின் தாழ்நிலை பிறர் சுமத்தியது. 1741இல் தாழ வேண்டியிருந்தவர்கள் திருவிருந்துக்கு வந்த மேல்சாதியினரும், அவர்கள் சபையை விட்டுப் போய்விடுவார்கள் என்று அஞ்சிய மிஷனரிகளும்தான். தாழும்படி கேட்கப்பட்டவரோ, ஏற்கெனவே தாழ்த்தப்பட்டவர்.

தொடர்ந்த திரிபு

ஆலயத்தில் சாதிவாரியாக உட்காரும் வழக்கம் சுவார்ட்ஸ் காலத்திலும் நீடித்தது. ஹைதரையும் கம்பெனியையும் அஞ்சாத அவர் இதில் பொறுத்துப்போனார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டொழிக்கும்படி ஆணையிட்டபோது தஞ்சையில் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டே விலகினர். சுவார்ட்ஸிடம் கற்று வளர்ந்த பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தின் பக்கமே நின்று எழுதினார். கால் கழுவிய ஆண்டவரைப் பாடிய சபை, பக்கத்தில் அமர்வதைக் கூடத் தாழ்வாக எண்ணியது.

தஞ்சை வரலாறு தரும் முடிவு தெளிவானது. அதிகாரமும் சாதி உயர்வும் உடையவர் தம் உரிமையை விட்டுக்கொடுப்பதே கிறிஸ்தவத் தாழ்மை. உரிமை மறுக்கப்பட்டவரிடம் அதைப் போதிப்பது சாதிக்கே ஊழியம் செய்வதாகும். இன்று திருச்சபையில் தொண்டைப் பற்றிப் பிரசங்கிப்பவர்கள், அந்தத் தொண்டுக்கு யாரை அழைக்கிறோம் என்பதை முதலில் தங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். சுவார்ட்ஸின் பெயர் சொல்லப்படும் இடமெல்லாம் இராஜநாயக்கனின் பெயரும் சொல்லப்பட வேண்டும்.