பொன்னுருவிக்காக வடிந்த கண்ணீர்

மகாபாரதப் போரின் பதினேழாம் நாள். களம் புகுமுன் மனைவியிடம் விடைபெற வருகிறான் கர்ணன். பொன்னுருவியோ, தேரோட்டி வளர்த்த மகன் என்று அவனை இகழ்ந்து முகம் கொடுக்க மறுக்கிறாள். தான் குந்தியின் புதல்வன் என அவன் வெளிப்படுத்திய பின்னரே மனம் உடைந்து, போகவேண்டாம் எனக் கதறுகிறாள். அவனோ போகிறான், மடிகிறான். புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் ‘கர்ண மோட்சம்’ இது.

திருப்பெரும்புதூர், ஒரகடம் உள்ளிட்ட தொண்டை நாட்டுக்கு உரிய கலை தெருக்கூத்து. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கிய பின்னர் இவ்வட்டாரத்தின் முகமே மாறிற்று. கூத்து மறைந்துவிடவில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலைக் களமாகக் கொண்ட கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் தோன்றியது. வட தமிழகச் சிற்றூர்களில் இறந்தோருக்கான கருமகாரியத்தையொட்டிய இரவில் ‘கர்ண மோட்சம்’ ஆடுவது வழக்கம். நள்ளிரவு தாண்டி, கட்டியக்காரனின் கேலிக்குச் சிரித்த அதே கூட்டம் பொன்னுருவியின் அழுகைக்கு விம்முகிறது. பெண்களின் அழுகை ஒப்பாரியாகவே மாறிவிடுவதும் உண்டு.

இக்கண்ணீரைப் பற்றிப் புனித அகுஸ்தினார் என்ன சொல்லியிருப்பார்? நான்காம் நூற்றாண்டில், கார்த்தேஜ் நகர அரங்குகளில் காதலர் பிரிவைக் கண்டு அழுதவர் அவர். விர்ஜிலின் காவியத்தில் காதலுக்காக உயிர்விட்ட திதோ அரசிக்காகவும் அழுதவர். பின்னாளில் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் அதைக் கடிந்துகொள்கிறார்: அரங்கின் முன் இருப்பவன் துயர் துடைக்க அழைக்கப்படுவதில்லை, துயர்ப்படவே அழைக்கப்படுகிறான், அழவைக்காத நடிகனை அவன் குறைகூறவும் செய்கிறான்.

இக்குற்றச்சாட்டு சாவு வீட்டுக் கூத்துக்குப் பொருந்தாது என்போம். அங்கு அழுபவள் தன் கணவனுக்காகவோ மகனுக்காகவோதான் அழுகிறாள். கர்ணன் அவளுக்கு ஒரு சாக்கு. (கார்த்தேஜில் அனுமதிக் கட்டணம் இருந்ததோ என்னவோ, இங்கே பாயும் போர்வையும் போதும்.)

எனினும், அவரது கண்டனம் வேறொரு பக்கமாக நம்மைத் தொடுகிறது. பொன்னுருவி மனம் மாறியது கணவனை ஏற்றதாலா, அவன் அரச குலத்தவன் என்று அறிந்ததாலா? அவன் மெய்யாகவே தேரோட்டி அதிரதனின் மகனாயிருந்தால்? அந்த வினா எழுமுன் கண்ணீர் வந்துவிடுகிறது. பிறப்பால் இகழப்பட்டவனுக்காக ஊரும் காலனியும் அழும். விடிந்ததும் ஊர் ஊராகவும் காலனி காலனியாகவும் எழுந்து போகும். கூத்தை மட்டும் நாம் குறைசொல்ல இயலாது. தமிழ்நாட்டில் சாதி பார்த்து இருக்கை பிரித்த ஆலயங்களும், நடுவே சுவர் எழுப்பிய கல்லறைத் தோட்டமும் நம்முடையவை. அங்கும் ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும், தச்சனின் மகன் என்று இகழப்பட்ட ஒருவருக்காக மக்கள் அழுதுகொண்டுதான் இருந்தார்கள்.