பூச்செடியாக வந்த புதர்

வீட்டைச் சுற்றிச் சிறிது இடம் இருந்தால் போதும், நான்கு பூச்செடிகள் வைக்க வேண்டும் என்ற ஆசை நமக்கு வந்துவிடுகிறது. நர்சரிக்குப் போகிறீர்கள். அங்கே என்ன கேட்கிறீர்கள்? ஆண்டு முழுவதும் பூக்க வேண்டும்; அதிகத் தண்ணீர் கேட்கக் கூடாது; பூச்சி விழக் கூடாது; ஆடு மாடு வாய் வைக்கக் கூடாது. நியாயமான ஆசைகள்தாம். ஆனால், இந்த நான்கு நிபந்தனைகளையும் ஒன்று விடாமல் நிறைவேற்றும் செடி ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதன் வரலாற்றை அறிந்துகொண்டால், அடுத்த முறை நீங்கள் நர்சரியில் கேட்கும் கேள்விகள் மாறக்கூடும்.

அதுதான் உண்ணிச்செடி. தாவரவியலில் இதன் பெயர் லாண்டானா கமாரா. சாலையோரத்திலும் மலையடிவாரத்திலும் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூக்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். தண்டில் வளைந்த சிறு முட்கள் உண்டு. இலையைக் கசக்கினால் காரமான நெடி வரும். எங்கும் காணப்படுவதால் இது நம் மண்ணின் செடி என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதன் தாயகம் நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய பகுதிகளாகும்.

கண்ணாடி வீட்டில் வளர்ந்த செடி

17ஆம் நூற்றாண்டில் இச்செடி கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றது. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் தமது நூலில் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். ஐரோப்பியக் குளிரைத் தாங்க முடியாத செடியாதலால், அங்கே கண்ணாடி வீடுகளில் வைத்து வளர்த்தார்கள். பூவின் நிறத்துக்காகவும் கொத்தின் பருமனுக்காகவும் ஒரு வகையை இன்னொன்றுடன் கலந்து, நூற்றுக்கணக்கான புதுவகைகளை உண்டாக்கினார்கள்.

இந்தக் கலப்பில் ஒரு விளைவு உண்டு. உண்ணிச்செடியின் அடிப்படைக் குரோமோசோம் எண்ணிக்கை 11. அதன் மடங்குகளாக 22, 33, 44, 55 குரோமோசோம்கள் கொண்ட செடிகளெல்லாம் இன்று காணப்படுகின்றன. ஆகவே, நம் மலைகளில் மண்டிக் கிடப்பது அமெரிக்கக் காட்டில் இருந்த பழைய செடி அப்படியே அன்று. மனிதன் தன் தோட்டத்துக்காகக் கலந்து கலந்து உருவாக்கிய பலவகைச் செடிகளின் வழித்தோன்றல் அது.

இதன் பூக்கொத்தில் ஏன் பல நிறங்கள் தெரிகின்றன? பிரேசிலில் வாழ்ந்த பிரிட்ஸ் முல்லர் என்ற இயற்கை ஆய்வாளர் 1877ஆம் ஆண்டில் இதற்கு விடை எழுதினார். அவர் கவனித்த செடியில் பூ முதல் நாள் மஞ்சள், இரண்டாம் நாள் ஆரஞ்சு, மூன்றாம் நாள் ஊதா. வண்ணத்துப்பூச்சிகளில் சில மஞ்சள் பூக்களையே நாடின. பழைய பூக்கள் உதிராமல் நிற்பதால் கொத்து பெரிதாகத் தெரிந்து, தொலைவிலிருந்தே பூச்சிகளை அழைக்கிறது. நம் கண்ணைக் கவரும் அந்த அழகு, செடிக்கு இனப்பெருக்கத்துக்கான விளம்பரப் பலகை!

கல்கத்தாவில் இறங்கியது

ஹூக்ளி நதிக்கரையில் 1787ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு தாவரத் தோட்டத்தை நிறுவியது. பல நாட்டுச் செடிகளும் அங்கே வந்து சேர்ந்தன. 1809ஆம் ஆண்டளவில் உண்ணிச்செடியும் அழகுச் செடியாக அங்கே நடப்பட்டது. அங்கிருந்து பங்களாத் தோட்டங்களுக்கும், கன்டோன்மென்ட் பகுதிகளுக்கும், மலை வாசஸ்தலங்களுக்கும் பரவியது. முள் இருந்ததால் வேலிக்கும் வைத்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு கொண்டுவரவில்லை. இன்று நீங்களும் நானும் செடி வாங்கும் அதே ஆசையோடுதான் கொண்டுவந்தார்கள்.

வேலியைத் தாண்டியது எப்படி?

மேலே நாம் சொன்ன நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதியும் பூக்கிறது என்றால், பெரும்பகுதியும் காய்க்கிறது என்று பொருள். பச்சை மணிகள் போன்ற காய்கள் பழுத்து மினுங்கும் கறுப்பாகின்றன. கொண்டைக்குருவியும் மைனாவும் அவற்றைத் தின்று, விதைகளை வெகுதூரம் கொண்டுபோய் எச்சத்தோடு போடுகின்றன. வறட்சி தாங்குகிறது என்றால், யாரும் தண்ணீர் ஊற்றாத காட்டிலும் பிழைக்கும் என்று பொருள். பூச்சி விழுவதில்லை என்றால், இதைத் தின்று மட்டுப்படுத்திய பூச்சிகள் தாயகத்திலேயே தங்கிவிட்டன என்று பொருள். ஆடு மாடு ஒதுக்குகிறது என்றால், இலையில் நஞ்சு இருக்கிறது என்று பொருள். இலையிலுள்ள லாண்டடீன் என்ற பொருள் கால்நடையின் ஈரலைக் கெடுக்கும். வேறு தீவனமின்றி இதைத் தின்ற மாட்டின் தோல் வெயில் பட்டால் புண்ணாகும்.

தோட்டத்தில் எவை நற்பண்புகளோ, அவையே காட்டில் ஆக்கிரமிப்பின் ஆயுதங்களாயின. பராமரிப்பே வேண்டாத செடி, நம் கட்டுப்பாடும் வேண்டாத செடியாகிவிட்டது.

2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப் பகுதிகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் இச்செடி பரவியிருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். முதுமலை, பந்திப்பூர் போன்ற காடுகளில் இதன் புதர் மூடிய இடத்தில் புல் குறைகிறது. புல்லை நம்பி வாழும் விலங்குகளுக்கு மேய்ச்சல் குறுகுகிறது. மேலாக வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். இதைத் தின்னும் பூச்சிகளைத் தேடி மெக்சிகோவிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்கு 1902ஆம் ஆண்டில் அனுப்பினார்கள். பின்னர் இந்தியாவுக்கும் சில பூச்சிகள் வந்தன. அவற்றால் நம் நாட்டில் செடியை அடக்க முடியவில்லை. இப்போது நீலகிரிப் பகுதிப் பழங்குடி மக்கள் இதன் தண்டுகளை வளைத்து, ஆளுயரத்துக்கும் மேலான யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் லண்டன் பூங்காக்களில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. பாராட்ட வேண்டிய முயற்சியே. ஆனாலும் காட்டில் கிடக்கும் அளவோடு ஒப்பிட்டால் அது சிறுபங்குதான்.

நீரிலும் இதே கதை

வெங்காயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த அழகுச் செடிதான். அதன் ஊதாப் பூவுக்காகவே குளங்களில் விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் நுழைந்து, சில பத்தாண்டுகளில் ஆறுகளில் படகு செல்ல முடியாதபடியும், நெல் வயல்கள் பாழாகும்படியும் பெருகியது. 1921ஆம் ஆண்டில் இதை ஆராய அமைத்த குழுவுக்கு ஜகதீச சந்திர போஸ் தலைமை தாங்கினார். 1936ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. சட்டம் வந்தது, செடி போகவில்லை.

செடி வாங்கும்போது

அப்படியானால் வெளிநாட்டுப் பூச்செடி எதையும் வைக்கக் கூடாதா? அப்படியில்லை. செண்டுமல்லி மெக்சிகோவிலிருந்து வந்தது. காகிதப்பூ பிரேசிலிலிருந்து வந்தது. அவை நம் காடுகளை மூடிவிடவில்லை. எங்கிருந்து வந்தது என்பதோடு, எப்படிப் பரவும் என்றும் கேளுங்கள். பறவை தின்னும் பழம் உண்டா? வெட்டிப் போட்ட துண்டு வேர் பிடிக்குமா? நீரில் மிதந்து செல்லுமா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் எச்சரிக்கையாக இருங்கள். காட்டை ஒட்டியோ ஓடைக்கரையிலோ வீடு உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது.

உண்ணிச்செடியே வேண்டும் என்பவர்கள், பூ உதிர்ந்ததும் கொத்தைக் கிள்ளிவிடுங்கள். காய் கறுக்க விடாதீர்கள். நீக்க நினைத்தால், மண்ணுக்குள் வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டிப் பிடுங்குங்கள். கழித்த கிளைகளை ஏரிக்கரையில் கொட்டாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்து மட்கவிடுங்கள்.

அதற்கு மாற்றாக நம் மண்ணிலேயே பிறந்த பூக்கள் இல்லையா? இட்லிப்பூ என்று நாம் சொல்லும் வெட்சி, தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. அதன் கொத்துகளுக்கும் வண்ணத்துப்பூச்சிகள் வரும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்துக் கிடைக்காமல் இலை வெளுக்கும். தொழு உரம் தாராளமாக இடுங்கள். கனகாம்பரமும் நம் பகுதிக்கு உரியதே. ‘டெல்லி கனகாம்பரம்’ என்ற வகை மும்மடங்குக் குரோமோசோம் கொண்டது. அது விதை பிடிப்பதில்லை; தண்டு வெட்டி நட்டால்தான் வரும். வேரில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இவை உங்கள் கவனிப்பைக் கேட்கும் செடிகள். தண்ணீர் ஊற்றவில்லை என்றால் வாடும். கிளை கழிக்கவில்லை என்றால் பூ குறையும். அதைக் குறையாக எண்ணாதீர்கள். உங்கள் கையை நம்பி வாழும் செடி, உங்கள் வேலிக்குள்ளேயே நிற்கும்.