சேம அச்சு: உமணரின் உருளும் இல்லம்

வீட்டைச் சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவது மேலைநாட்டார் கண்ட புதுமை என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. காரின் பின்னே கொக்கியிட்டு இழுத்துச் செல்லும் சிறு வண்டி. அதனுள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. கூரைமேல் சூரிய ஒளித் தகடு. மின்கம்பியையும் குடிநீர்க் குழாயையும் நம்பாமல் காட்டோரத்தில் நாலைந்து நாள் வசதியாகத் தங்கலாம். கேரள அரசு இத்தகைய ஊர்திச் சுற்றுலாவுக்கென 2021இல் தனிக் கொள்கையே அறிவித்தது.

மேலைநாட்டு வரலாற்றில் இதன் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது 1885ஆம் ஆண்டு. கடற்படை மருத்துவராயிருந்து ஓய்வுபெற்று எழுத்தாளரான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலை ஒன்றில் தமக்கென ஒரு வண்டி செய்வித்தார். 'வாண்டரர்' என்பது அதன் பெயர். ஏறத்தாழ இரண்டு டன் எடை. இழுக்க இரண்டு குதிரைகள். அவ்வண்டியில் அவர் பிரிட்டனில் நெடும்பயணம் செய்து, அடுத்த ஆண்டே அதை நூலாகவும் எழுதினார். இன்பத்திற்காக வண்டியில் வாழ்ந்து பார்த்தவர் என்ற வகையில் அவரை முன்னோடி எனலாம். ஆனால் வண்டியையே இல்லமாக்கி, வழியில் எதையும் எதிர்பாராமல் சென்ற மாந்தரைத் தேடினால், நாம் சங்க நூல்களைத்தான் புரட்ட வேண்டும்.

உமணர் என்போர் உப்பு வணிகர். உப்பு விளைவது நெய்தல் நிலத்துக் கழியோர உப்பளங்களில். அது வேண்டப்படுவதோ உள்நாட்டின் ஒவ்வோர் அடுக்களையிலும். நெல்லைக் கொடுத்து உப்பைப் பெறும் பண்டமாற்று அன்று வழக்கில் இருந்தது. எனவே கடற்கரைக்கும் உள்நாட்டுச் சிற்றூர்களுக்கும் இடையே வண்டித் தொடர் ஓயாது நடந்தது. அத்தொடருக்கு 'ஒழுகை' என்று பெயர். இடையில் பாலை நிலம் உண்டு. நீரில்லாத வழி உண்டு. ஆறலைக் கள்வரும் உண்டு. ஆகவே உமணர் தனித்துச் செல்லவில்லை. மனைவி மக்களுடன் கூட்டமாகச் சென்றனர்.

அவர்களது வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகக் காட்டுகிறது. ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஓவியர் போல வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வோர் உறுப்பாகச் சொல்கிறார். உறுதியான சக்கரம், பருத்த மரத்தாலான பார், மழைக்கும் வெயிலுக்கும் வேய்ந்த கூரை. வண்டியில் ஒரு கோழிக்கூடு; ஊர் எதுவும் இல்லாத வழியில் அதுவே உணவுச் சேமிப்பு. குற்றுவதற்கு ஒரு சிறிய உரல் தொங்குகிறது. காடி நிறைந்த கலம் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. பிள்ளையை உடைய பெண்ணொருத்தி வண்டியின் முன்னிருந்து எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பிலை விரவிய கண்ணி சூடிய ஆடவர் பக்கத்தில் காவலாக நடந்து வருகின்றனர்.

இதனை இன்றைய ஊர்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூரை, சமையற் கருவி, கெடாத உணவு, உயிருடன் உடன்வரும் உணவு, பாதுகாப்பு என எல்லாம் இருக்கின்றன. அடுப்பை மட்டும் அவர்கள் சுமக்கவில்லை. தங்கும் இடத்தில் கற்களைக் கூட்டிச் சமைத்துவிட்டு, அப்படியே விட்டுச் சென்றனர். அவ்வாறு உமணர் விட்டுப்போன அடுப்பில் பின்னர் வந்த மழவர் ஊன் சமைத்ததை அகநானூற்றுப் பாடல் ஒன்று கூறுகிறது. எளிதில் கிடைப்பதைச் சுமக்காதே என்பது இன்றும் பயணிகளுக்குப் பொருந்தும் பாடந்தான்.

எல்லாவற்றிலும் நம்மை வியக்கவைப்பது சேம அச்சு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை இதற்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, பாரமோ மிகுதி, முன்னே பள்ளம் வருமோ மேடு வருமோ யாரும் அறியார். அதனால் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். மரத்தாலான அச்சு நடுக்காட்டில் முறிந்தால், அங்கே தச்சரும் இல்லை, பட்டறையும் இல்லை. ஒரு தலைவனைப் புகழ அரிமாவையோ மலையையோ தேடாமல், வண்டிக்கடியில் கண்ணுக்குப் படாமல் கிடக்கும் மாற்று அச்சை உவமையாக்கியது ஔவையின் துணிவு.

வகுப்பில் இப்பாட்டை நடத்துகையில் மாணவர்க்கு 'அச்சு' விளங்குவதில்லை; 'ஸ்டெப்னி' என்றால் உடனே விளங்கிவிடுகிறது. அந்தச் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் ஸ்டெப்னி என்னும் தெருவில் 1904 அளவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினர். அத்தெருப் பெயரே நம் லாரிப் பட்டறைகள் வரை வந்து சேர்ந்தது. அயல்நாட்டுத் தெருப் பெயர் நம் நாவில் நிற்கிறது. நம் சேம அச்சோ உரைநூலில் உறங்குகிறது.

உமணர் வாழ்வை வெறும் உல்லாசமாகக் கருதிவிடலாகாது. நற்றிணைப் பாட்டொன்று அதனை நிலையற்ற வாழ்க்கை என்றே சொல்கிறது. அவர்கள் கைவிட்ட பழைய வண்டிப் பாரில் வெண்குருகு முட்டையிடுவதையும் அங்கேயே காட்டுகிறது. ஸ்டேபிள்ஸுக்கு வண்டியோட்டியும் பணியாளரும் உடன் வந்தனர். உமணர்க்கு வசதி என்பது தாமும் தம் பெண்டிரும் உழைத்து உண்டாக்கிக்கொண்டது.

வழிநடைக்கு நம் மண் கண்ட இன்னொரு விடை சத்திரம். வீட்டைச் சுமந்து செல்வதற்கு மாறாக, வழியிலேயே ஒரு வீட்டைக் கட்டி வைப்பது. கந்தர்வக்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் 1802இல் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் இதற்குச் சான்று. வழிப்போக்கர்க்கு அங்கே உணவும் உறையுளும் கிடைத்தன. சத்திரம் பெருகிய வழியில் வண்டியின் சுமை குறைகிறது. ஆனால் சத்திரம் வழியை விட்டு நகராது. வண்டியோ வேண்டிய இடத்தில் நிற்கும். இரண்டுக்கும் தேவை இருந்தது.

இப்போதும் நம் வட்டாரச் சாலைகளில் உமணரின் உறவினரைக் காணலாம். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து ஆட்டு மந்தையோடு தஞ்சை வயல்களை நோக்கி வரும் கீதாரிகளைத்தான் சொல்கிறோம். அறுவடை முடிந்த வயலில் உரத்திற்காகக் கிடை அமர்த்துவார்கள்; அதற்குப் பணமோ நெல்லோ கூலி. குட்டிகளைக் கவிழ்த்து மூடக் கூடு, வளைக்க வலை, சமைக்க நாலு பாத்திரம், வெட்டவெளியில் உறக்கம். சு.தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' நாவல் இவ்வாழ்வை உள்ளிருந்து எழுதிய நூல். மின்சாரமின்றிக் காட்டில் நாலு நாள் தங்கினால் அதற்குச் சுற்றுலா என்று பெயரிட்டு மகிழ்கிறோம். ஆண்டின் பெரும்பகுதியை அவ்வாறே கழிப்பவரை 'வந்தேறி' என்று ஐயத்தோடு பார்க்கிறோம். இம்முரணைச் சங்கப் புலவர் அறியார். உமணரின் உரலையும் கோழிக்கூட்டையும் அரசன் தேருக்குக் குறையாத அக்கறையுடன் பாடினர்.

நம் கடமை ஒன்றுண்டு. குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி, நுகத்தடி, பூட்டாங்கயிறு, மசகு என வண்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும் நம் ஊர்ப் பெரியவர்களிடம் பெயர் உண்டு. வண்டிகள் அருகிவிட்டன, சொற்களும் உடன் போய்க்கொண்டிருக்கின்றன. அவை போய்விட்டால், சங்கப் பாட்டின் பாரும் அச்சும் நம் பிள்ளைகளுக்கு வெறும் ஓசையாகிவிடும். வண்டி செய்த தச்சரும் ஓட்டிய பெரியவரும் வீட்டில் இருப்போர், இந்த விடுமுறையிலேயே அருகமர்ந்து கேட்டு எழுதி வையுங்கள். ஒரு மொழிக்கும் சேம அச்சு வேண்டும். முறிந்த பின் தேடினால் கிடைக்காது; புறப்படும் முன்னரே அடிமரத்தில் கட்டிக்கொள்ள வேண்டும்.